அடிமை முறைக்கு இழப்பீடு: ஊர்க் கூட்டத்தில் பேச வேண்டி வந்தால்

ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்துக்கு இழப்பீடு கேட்பதைப் பற்றி தர்மபுரியில் யார் பேசப்போகிறார்கள் என்று நினைப்பீர்கள். எனக்கே மூன்று தடவை பேச வேண்டி வந்திருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டித் தலைப்பாக வருகிறது, சங்கக் கூட்டத்தில் உலக நடப்பு என்று அரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள், வாசகர் வட்டத்தில் யாராவது ஒருவர் சட்டென்று கேட்டுவிடுகிறார். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கு நீங்கள் நான் செய்த தப்பைச் செய்யக்கூடாது, அதற்குத்தான் இது.

முதல் தடவை பாலக்கோட்டில், ஒரு சின்ன மண்டபம், நாற்பது பேர் இருப்பார்கள். நான் மடமடவென்று எண்களை அடுக்கினேன். 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் ஏற்றினார்கள், உயிரோடு கரை சேர்ந்தது 1 கோடியே 7 லட்சம், 2023-ல் பிராட்டில் என்ற ஆலோசனை நிறுவனம் போட்ட கணக்கில் பிரிட்டன் மட்டும் தர வேண்டியது 24 லட்சம் கோடி டாலர். எல்லாம் சரியான எண்கள்தான். பத்தாவது நிமிஷத்தில் பின்வரிசை முழுக்கப் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. அப்போது, முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளை வேலைக்குப் போய் வந்த ஒரு அம்மா எழுந்து, "ஏன் சார், அந்த ஜனங்களுக்கு முன்பணம் எவ்வளவு குடுத்தாங்க?" என்று கேட்டார். முன்பணமெல்லாம் இல்லம்மா, பிடித்து விற்றார்கள் என்றேன். "சரி, அப்புறம் விட்டாங்கல்ல? விடும்போது கணக்கு முடிச்சாங்களா?"

நான் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். நீங்கள் அங்கேயே தொடங்குங்கள்.

முதலில் கணக்கு நோட்டு

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது, 1834 ஆகஸ்ட் 1 முதல் அமல். கரீபியன் தீவுகள், மொரிஷியஸ், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி எல்லாம் சேர்த்து சுமார் 8 லட்சம் அடிமைகள். இழப்பீடு என்று 2 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். இதைச் சொன்னதும் நிறுத்திவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். "பரவாயில்லையே" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அதற்கப்புறம் மீதியைச் சொல்லுங்கள்: அந்தப் பணம் அத்தனையும் முதலாளிகளுக்குப் போனது. எங்கள் சொத்து போகிறதே என்று மனுப் போட்டவர்களுக்கு. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு காசு கிடையாது, அதோடு விட்டார்களா என்றால் இல்லை, "பயிற்சிக் காலம்" என்று ஒரு பெயர் வைத்து 1838 வரைக்கும் அதே தோட்டத்தில் அதே முதலாளிக்குக் கூலியில்லாமல் உழைக்க வைத்தார்கள்.

கணக்கு இன்னும் முடியவில்லை. 2 கோடியில் ஒன்றரைக் கோடியை அரசு கடன் வாங்கித்தான் கொடுத்தது, அந்தக் கடன் பத்திரம் மாறி பத்திரம் மாறி கடைசியாக அடைந்தது 2015-ல். ஜமைக்காவிலிருந்தும் பார்படாஸிலிருந்தும் பிழைக்கப் போய் லண்டனில் பஸ் ஓட்டியவர்களும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவர்களும் கட்டிய வரியிலிருந்தும் இந்தத் தவணை போயிருக்கிறது, அதாவது தங்கள் பாட்டன் பூட்டனை வைத்திருந்தவனுக்குக் கொடுத்த பணத்தை இவர்களும் சேர்ந்து அடைத்திருக்கிறார்கள். "அது பழங்கதைங்க" என்று எவராவது ஆரம்பித்தால் 2015 என்ற எண்ணை மட்டும் சொல்லுங்கள். நம்ம ஊர் வாட்ஸப் குழுக்களில் பாதி அதற்கு முன்னாடியே தொடங்கியாகிவிட்டது.

ஹைட்டி கதை இதைவிட மோசம், ஆனால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடிமைகளே சண்டை போட்டு பிரான்சை விரட்டி 1804-ல் சொந்த நாடு அமைத்தார்கள். 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பலோடு வந்து, உங்களை நாடு என்று ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால் 15 கோடி பிராங்க் கட்டுங்கள் என்றது. 1838-ல் அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்டுவதற்காக வாங்கிய கடன்களின் பாக்கி 1947 வரைக்கும் இழுத்தது. விடுதலைக்கு விலை கட்டியது விடுதலையானவர்கள்தான்.

ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

எட்டு லட்சம் பேர் என்றால் யாருக்கும் முகம் தெரியாது. ஒரு முதலாளியின் கணக்கை எடுத்து முழுசாகச் சொன்னால் பதியும். நான் எடுப்பது ஜான் கிளாட்ஸ்டன். லிவர்பூல் வியாபாரி, பின்னாளில் நான்கு முறை பிரதமராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா. இன்றைக்குக் கயானா என்று இருக்கிற நாட்டில் அவருக்குக் கரும்புத் தோட்டங்கள், ஒரு நாளும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவரில்லை. சக்ஸஸ் என்ற அவருடைய தோட்டத்தில்தான் 1823 ஆகஸ்டில் பெரிய கிளர்ச்சி வெடித்தது. முன்னின்ற இளைஞரின் பெயர் ஜாக் கிளாட்ஸ்டன். ஆமாம், முதலாளியின் பேர்தான் அடிமைக்கும். மாட்டுக்குச் சூடு வைத்த மாதிரி.

இழப்பீடு கொடுத்தபோது இந்த ஜானுக்கு 2,508 பேருக்கு ஈடாக 1,06,769 பவுண்டு கிடைத்தது. வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? 1836 ஜனவரியில் கல்கத்தாவில் இருந்த ஒரு கம்பெனிக்குக் கடிதம் எழுதுகிறார், தோட்டத்துக்கு ஆள் வேண்டும், இந்தியாவிலிருந்து ஒப்பந்தம் போட்டு அனுப்ப முடியுமா என்று. 1838 மே மாதம் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்கள் இந்தியக் கூலிகளோடு கயானா கரையில் நின்றன. அடி, சவுக்கு என்று புகார் கிளம்பி, விசாரணை நடந்து, 1839-ல் ஆள் அனுப்புவதையே கொஞ்ச காலம் நிறுத்தினார்கள். போன ஆளுக்குப் பணமும் அவருக்கே, வந்த ஆளின் உழைப்பும் அவருக்கே. 2023-ல் அந்தக் குடும்பத்து வாரிசுகள் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள்.

இந்த மாதிரி ஆட்களைத் தேடுவது ஒன்றும் கஷ்டமில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்காரர்கள் இழப்பீடு வாங்கியவர்களின் பதிவுகளை எல்லாம் தொகுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். பெயர், தோட்டம், எத்தனை அடிமைகள், எத்தனை பவுண்டு, எத்தனை ஷில்லிங், எத்தனை பென்ஸ் வரைக்கும் இருக்கும். ஒரே ஒரு பதிவை எடுத்து ஜெராக்ஸ் போட்டு நாலைந்து பேர் கையில் கொடுங்கள், கைமாறிப் போகட்டும். புரொஜெக்டரை நம்ப வேண்டாம். ஒன்று வயர் இருக்காது, இல்லையென்றால் கரண்ட் இருக்காது. அந்த பென்ஸ் கணக்கைப் பார்த்ததும்தான் ஜனங்கள் முகம் மாறும், ஏனென்றால் ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று பைசா சுத்தமாக எழுதிய கணக்கை இங்கே பல பேர் சூளைக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரியின் நோட்டில் பார்த்திருக்கிறார்கள்.

எந்தச் சொல்லைப் போடுவது

நிவாரணம் என்ற சொல்லை எடுக்கவே எடுக்காதீர்கள். அது வெள்ளம், வறட்சி, அரிசி மூட்டை. நஷ்டஈடு பரவாயில்லை, ஆனால் விபத்து வழக்கு ஞாபகம் வரும். பரிகாரம் என்றால் எள்ளு விளக்கு போடச் சொல்வார்கள். இழப்பீடு நல்ல சொல், நாலு வழிச்சாலைக்கும் சிப்காட்டுக்கும் நிலம் கொடுத்த ஜனங்கள் இருக்கிற மாவட்டங்கள் என்பதால் யாருக்கும் விளக்கவே வேண்டாம். ஒரே சிக்கல், இழப்பீடு என்றதும் செக் மட்டும்தான் கண்ணில் தெரியும். கேட்கிறவர்கள் கேட்பது செக் மட்டும் இல்லை.

இதைப் புரியவைக்க, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2005-ல் ஏற்றுக்கொண்ட ஐந்து வகையைச் சொல்லலாம்: பறித்ததைத் திருப்பித் தருவது, பணமாக ஈடு செய்வது, உடம்பும் மனசும் பிழைப்பும் தேறிவர உதவுவது, உண்மையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பது, மறுபடி நடக்காதபடி ஏற்பாடு செய்வது. ஆனால் இதை அப்படியே ஒப்பித்தால் பாலக்கோட்டில் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். வாச்சாத்தியை வைத்துச் சொல்லுங்கள்.

அரூர் பக்கம் யாருக்கும் முன்கதை சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்ப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் இரண்டு வரி. 1992 ஜூன் 20, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சித்தேரி மலையடிவாரத்துப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஜனங்களை அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி அமர்வு நீதிமன்றம் தண்டித்தபோது அவர்களில் 54 பேர் ஏற்கெனவே இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர்நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. அதில் 5 லட்சத்தை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும், குடும்பத்துக்கு வேலையோ சுயதொழிலோ ஏற்பாடு செய்ய வேண்டும், ஊரின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்த என்ன செய்தோம் என்று அரசு சொல்ல வேண்டும், அன்றைக்கு இருந்த உயர் அதிகாரிகள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொன்னது.

இப்போது அந்த ஐந்தையும் கூட்டத்தையே அடையாளம் காட்டச் சொல்லுங்கள். எது பணம், எது பிழைப்பு, எது உண்மையை ஒப்புக்கொண்டது, எது மறுபடி நடக்காமல் இருக்க. அரூரில் நான் இப்படிக் கேட்டபோது ஒரு பையன், "சார், திருப்பிக் குடுக்கிறதுன்னு ஒண்ணு சொன்னீங்களே, அதை மட்டும் யாரும் குடுக்க முடியாதே" என்றான். நான் பேச வேண்டியதை அவன் பேசிவிட்டான். 31 வருஷம் கழித்து, குற்றவாளிகளில் பல பேர் செத்த பிறகும், தப்பு செய்த அரசே கொடுக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் ஆள் செத்தாலும் அரசு சாகாது. பிரிட்டனிடம் கரீபியன் நாடுகள் சொல்வதும் இதுதான், கால அளவு மட்டும் பெரிசு.

ஒரு எச்சரிக்கை. கூட்டத்தில் வாச்சாத்திக்காரர்களோ அவர்கள் சொந்தக்காரர்களோ இருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் அவர்களிடம் சொல்லிவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர்கள் பட்டதை நம் பேச்சுக்கு ஊறுகாயாக ஆக்கக்கூடாது.

கேட்பவர்கள் யார் என்று கேட்டால்: கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான கேரிகாம் 2013-ல் இதற்கென்று ஒரு ஆணையம் அமைத்து, 2014-ல் பத்து அம்சத் திட்டம் வைத்தது. முதல் அம்சம் முழுமையான மன்னிப்பு. கடைசி அம்சம் கடன் தள்ளுபடி. நடுவில் பொதுச் சுகாதாரம், கல்வி, தொழில்நுட்பம் எல்லாம் வருகிறது. சர்க்கரை வியாதியும் ரத்தக்கொதிப்பும் தங்கள் ஜனங்களிடம் இவ்வளவு இருப்பதற்கும் தோட்டத்துச் சாப்பாட்டுக்கும் கொடுமைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். நெதர்லாந்து பிரதமர் 2022 டிசம்பரில் மன்னிப்புக் கேட்டார், அடுத்த ஜூலையில் அரசரும் கேட்டார். ஆப்பிரிக்க ஒன்றியம் 2025-ஐ இழப்பீட்டு நீதிக்கான ஆண்டாகவே அறிவித்தது.

நம்மவர் கப்பலேறிய கதையை எங்கே வைப்பது

இது கட்டாயம் வரும், பெரும்பாலும் ஒரு பெரியவர் கேட்பார்: எங்க தாத்தாவோட அண்ணன் கப்பலேறிப் போனாரு, அதுக்கு யார்கிட்டக் கேக்கிறது? தட்டிக் கழிக்காதீர்கள். ஆனால் குழப்பவும் செய்யாதீர்கள். ஒப்பந்தக் கூலிக்கு ஐந்து வருஷக் கெடு இருந்தது, பேருக்காவது கூலி இருந்தது, பெற்ற பிள்ளையை ஏலம் விடவில்லை. வேலைக்கு வரவில்லை என்றால் ஜெயில், தோட்டத்தை விட்டு வெளியே போகச் சீட்டு, அடி உதை எல்லாம் இருந்ததும் நிஜம். அடிமைகள் விட்டுப்போன இடத்தை நிரப்பத்தான் நம்மவர்களைக் கொண்டுபோனார்கள் என்று சொல்லலாம், இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லக்கூடாது. அடுத்தவர் நிற்கிற வரிசையில் நாம் போய் முன்னால் நின்றுகொள்கிற மாதிரி ஆகிவிடும்.

தேட விரும்புகிறவர்களுக்கு வழி சொல்லுங்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16-ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் இருக்கும் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரைக்கும் நேட்டாலுக்குப் போனவர்கள் மொத்தம் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் பட்டியலில் ஒரு வரி: எண், பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் அடையாளம். அந்த அடையாளக் கட்டத்தில்தான் மனசு நின்றுவிடும், இடது முழங்காலில் தழும்பு என்கிற மாதிரி, நம் பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதுவார்களே அப்படி. அந்த எண் சாகும்வரை கூடவே வரும், சம்பளத்துக்கும் அதுதான், கோர்ட்டுக்கும் அதுதான். பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, கணினியிலும் ஏற்றியிருக்கிறார்கள்.

இங்கே பலர் தோற்றுப்போவது ஒரே இடத்தில்தான்: தர்மபுரி என்று ஜில்லாவில் தேடுகிறார்கள். 1965 வரைக்கும் நாம் சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதே 2004-ல். அதனால் ஜில்லா இடத்தில் சேலம் என்று போட்டு, தாலுகா இடத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், ஊத்தங்கரை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எழுத்துக்கூட்டலை மன்னித்துவிடுங்கள். கிருஷ்ணகிரியை வெள்ளைக்காரன் கிஸ்தனகெரி என்று எழுதியவன். முனுசாமி அங்கே முன்சாமி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார். அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் கையில் இல்லாமல் தேடப் போனால் நூறு முனுசாமி வருவார்கள். முதலில் வீட்டில் இருக்கிற வயசான அத்தையிடமோ பெரியம்மாவிடமோ உட்கார்ந்து நாலு பெயர் வாங்குங்கள். 1876 முதல் 1878 வரைக்கும் நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா படாத பாடு பட்டது, குடும்பக் கதையில் பஞ்சம் என்று வந்தால் அந்தக் காலத்தை ஒட்டிய கப்பல்களை முதலில் பாருங்கள்.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்கள் கதை வேறு, அது கங்காணி வழி, அதாவது தோட்டத்து ஆளே ஊருக்கு வந்து ஆள் திரட்டிக்கொண்டு போவது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் "துண்டு" என்று ஒரு முறை இருந்தது. இந்த ஆட்கள் இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டினால் விடுகிறேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு. அடுத்த தோட்டத்துத் துரை கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வான், கடனும் ஆளோடு கூடவே போகும். 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். சூளைக்குப் போய் வந்தவர்கள் இருக்கிற கூட்டத்தில் இந்தத் துண்டைப் பற்றிச் சொன்னால் யாரும் போனைப் பார்க்க மாட்டார்கள்.

கட்டாயம் வரும் கேள்விகள்

"ஆப்பிரிக்காக்காரனே ஆப்பிரிக்காக்காரனை வித்தானே?" வித்தான், மறுக்காதீர்கள். மேஸ்திரி யார், நம்ம ஊர் ஆள்தானே, சொந்தக்காரனாகக்கூட இருப்பான். அதற்காகச் சூளை முதலாளியை விட்டுவிடலாமா என்று திருப்பிக் கேளுங்கள். நம்ம கடற்கரையிலும் இது நடந்தது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்களை அடிமைகளாக ஏற்றிக்கொண்டு போனது, பஞ்ச காலத்தில் உள்ளூர்க்காரர்களே கொண்டுவந்து விற்றார்கள்.

"பணம் கொடுத்தா அங்க இருக்கிற மந்திரிங்க சாப்பிட்டுடுவாங்க." இதற்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடன் தள்ளுபடி என்று கேட்பதே அதற்குத்தான். ரயில் விட்டார்கள், பாலம் கட்டினார்கள் என்பதற்கும் நான் ஒரு வார்த்தைக்கு மேல் செலவழிப்பதில்லை.

"எப்படிங்க விலை போடுவீங்க?" இது நியாயமான கேள்வி. அடிமைக்கு விலை போடத் தெரிந்தவர்களுக்கு, அதுவும் பென்ஸ் வரைக்கும், இதற்கு மட்டும் எப்படிக் கணக்கு தெரியாமல் போகும் என்பது ஒரு பதில். அதைவிட, முன்பு கொடுத்த கணக்குகளைச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப்போரில் முகாமில் அடைத்த ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களுக்கு 1988-ல் போட்ட சட்டப்படி அமெரிக்கா தலா 20,000 டாலர் தந்தது. கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் போராட்டக் காலத்தில் சித்திரவதைப்பட்ட 5,228 பேருக்கு 2013-ல் பிரிட்டன், வழக்குச் செலவையும் சேர்த்து, 1 கோடியே 99 லட்சம் பவுண்டு தர ஒப்புக்கொண்டது. அங்கே எல்லாம் பட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள், அது உண்மை, அந்த வித்தியாசத்தை மறைக்காதீர்கள். எதிராளி கண்டுபிடித்துச் சொல்வதைவிட நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

கடைசிக் கேள்விதான் கஷ்டம். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒருவர் கேட்பார்: "லண்டன்காரன்கிட்டக் கேக்கிறது இருக்கட்டும், இங்க நம்ம சேரி ஜனங்களுக்கு நாம என்ன குடுத்தோம்?" முதல் தடவை நான் சமாளிக்கப் பார்த்தேன், அசிங்கமாகிவிட்டது. சமாளிக்காதீர்கள். நேராகச் சொல்லுங்கள். 1833 சட்டம் கம்பெனி ஆண்ட இந்தியாவுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருந்தது. இங்கே 1843-ல்தான் ஐந்தாவது சட்டம் வந்தது. ஒருவன் என் அடிமை என்று சொன்னால் கோர்ட் கேட்காது என்றது, அவ்வளவுதான். நிலம் இல்லை, கூலி பாக்கி இல்லை. பண்ணை அடிமை, படியாள் ஆனார், படி அளக்கிற மரக்கால் மாறவில்லை.

ஈடு என்று சொல்லும்படி ஏதாவது நடந்ததென்றால் அது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு 1892-ல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது, மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அப்புறமும் அந்த மக்களுக்குள்ளேதான் விற்கலாம் என்று நிபந்தனை. அதில் எவ்வளவு இன்றைக்கு அவர்கள் கையில் இருக்கிறது என்று உங்கள் ஊரிலேயே பார்க்கலாம், கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அ-பதிவேட்டில் டி.சி. நிலம் (ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பழைய பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், பட்டா இப்போது யார் பேரில் என்று பாருங்கள். திருப்பித் தருவது என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் உதாரணம் கிடையாது. இதைச் சொன்னால் முன்வரிசையில் சிலர் நெளிவார்கள். நெளியட்டும்.

கொத்தடிமைச் சட்டத்தையும் இங்கேயே வைத்துவிடுங்கள், ஏனென்றால் 1833-க்கு நேர் எதிர் அது. 1976 சட்டப்படி முன்பணக் கடன் அப்படியே ரத்து. அந்தக் கடனைத் திருப்பி வாங்குவதே குற்றம். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி, தொழிலாளி இல்லை. மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவி 30,000 ரூபாய் வரை, அப்புறம் மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், ரொம்பக் கொடுமையான வழக்குகளில் 3 லட்சம். முழுத் தொகை தண்டனையோடு முடிச்சுப் போடப்பட்டிருப்பதால் வழக்கு இழுக்க இழுக்கப் பணமும் இழுக்கும், அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கிளம்பும் முன்

பேச்சு அரை மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, கேள்விக்கு முக்கால் மணி நேரம் விடுங்கள். மலைப்பக்கத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கேட்டு அதற்கு இருபது நிமிஷம் முன்னால் முடியுங்கள். பையில் வெள்ளைத்தாள் பத்து, பேனா இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்றால், எல்லாரும் டீ குடிக்கப் போன பிறகு யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி வருவார். எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது. தங்கச்சி குடும்பம் திருவள்ளூர் பக்கம் சூளையில் இருக்கிறது, அப்பா சாவுக்குக்கூட விடவில்லை என்பார்.

அங்கேயே உட்கார்ந்து மனு எழுதுங்கள். சூளை எந்த மாவட்டமோ அந்த மாவட்ட ஆட்சியருக்கு, நகல் அந்தக் கோட்டாட்சியருக்கு. யார் யார் இருக்கிறார்கள், குழந்தைகள் எத்தனை, என்ன வயசு, முன்பணம் எவ்வளவு, எந்த மாசம் வாங்கினது, ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி பேசினார்கள், வாரப்படி என்ன கொடுக்கிறார்கள், எப்போது வெளியே விட மறுத்தார்கள், அடித்தார்களா. மேஸ்திரி பெயரையும் கட்டாயம் எழுதுங்கள். கேட்க வேண்டியது விடுதலைச் சான்றிதழ், அந்தத் தாள் இல்லாமல் ஆளை மட்டும் வண்டியேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டால் மறுவாழ்வுத் தொகை எதுவும் வராது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள், அதையும் சொல்லி அனுப்புங்கள்.

சூளை பேர் என்ன, முதலாளி யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. செங்கல்லில் என்ன எழுத்து குத்தியிருக்கும் என்று கேளுங்கள். அறுக்கிறவர்களுக்கு அது தெரியும், மூன்று எழுத்தோ இரண்டு எழுத்தோ, போனில் கூப்பிட்டுக் கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அதை அப்படியே மனுவில் எழுதிவிடுங்கள்.